பதினோரு கட்டில்களும் பதினான்காம் விதியும்

1

இந்தக் கதை என் மூளையில் உதித்ததல்ல என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அண்ணி கேட்டதால் எழுதுகிறேன். அண்ணி மாநகராட்சியில் சுழற்சிப் பொருளாதாரப் பிரிவின் அதிகாரி. ஒரு பொருளை வாங்கி, கொஞ்ச நாள் வைத்திருந்து, குப்பையில் எறிந்துவிட்டு மறுபடி புதிதாக வாங்காதீர்கள். இருப்பதைப் பழுதுபாருங்கள், கைமாற்றுங்கள், எதற்கும் ஆகாமல் போனால் உருக்கி வேறொன்றாக ஆக்குங்கள் என்று ஒரு நகரத்துக்கே சொல்லிக்கொடுக்கும் வேலை. அண்ணன் இதைச் சுருக்கமாக, ‘வீட்டில் எதையும் தூக்கிப்போட விடாத வேலை’ என்பான்.

எங்கள் நகரம் இதில் கொஞ்சம் பேர் வாங்கிவிட்டது. வேறு பன்னிரண்டு நகரங்கள் எங்களைப் பார்த்துத் தாங்களும் தொடங்கப் போகின்றன. அவர்களுக்காக ஒரு கையேடு தயாராகிறது. படங்கள், அட்டவணைகள், விதிகள் எல்லாம் உண்டு. நடுவில் நான்கு பக்கத்துக்கு ஒரு கதை.

“அட்டவணையை யாரும் படிக்க மாட்டாங்க தம்பி. கதைன்னா படிப்பாங்க,” என்றார் அண்ணி.

“என் கதையையே யாரும் படிக்கறதில்லையே அண்ணி.”

“இதப் படிப்பாங்க. கட்டாயம் படிச்சுட்டு வரணும்னு சுற்றறிக்கை அனுப்பப் போறோம்.”

இருபது வருடமாக எழுதுகிறேன். என்னைப் படிக்கச் சொல்லி சுற்றறிக்கை போவது இதுதான் முதல் தடவை. ஆழம் தெரியாமல் காலை விட்டேன்.

2

தொடக்கங்கள். (கையேடு எதையும் தூக்கிப்போடாதே என்று சொல்வதால், நானும் அடித்தவற்றைத் தூக்கிப்போடாமல் இங்கேயே வைத்திருக்கிறேன்.)

‘பொழுது புலரும் வேளையில், பழைய பொருட்களின் கனவுகள் மெல்ல—’

வேண்டாம். பொருட்கள் கனவு காண்பதில்லை. பொழுது புலரும் வேளையில் நானும் எழுந்ததில்லை.

‘என் பெயர் நாற்காலி. நான் ஒரு மரக்கடையில் பிறந்து—’

ஆறாம் வகுப்பில் இதற்கு எனக்குப் பத்துக்கு நாலு மதிப்பெண். பழைய காயத்தைக் கிளற வேண்டாம்.

‘சென்ற ஆண்டு எங்கள் மறுபயன்பாட்டு நிலையம் பதினோரு மருத்துவக் கட்டில்களைக் குப்பையிலிருந்து காப்பாற்றி, தேவைப்பட்ட வீடுகளுக்குக் கொடுத்தது.’

இது என் வாக்கியம் அல்ல. அண்ணி தந்த அட்டவணையில் இருந்தது. ஆனால் என் இரண்டையும்விட இதில் உயிர் இருந்தது. பக்கவாட்டில் உள்ள கைப்பிடியைச் சுற்றினால் தலைப்பக்கம் உயருமே, அந்த இரும்புக் கட்டில். பதினோரு கட்டில், பதினோரு வீடு, பதினோரு நோயாளி. வீட்டுக்கு ஒரு பத்தி எழுதினாலே நான்கு பக்கம் நிறைந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். எழுத்தாளர்களின் சோம்பலுக்குக் கருணை என்று இன்னொரு பெயர் உண்டு.

3

மறுபயன்பாட்டு நிலையம் முன்பு பஸ் பணிமனையாக இருந்த இடம். தகரக் கூரை போட்ட மூன்று நீளக் கொட்டகைகள். முதலாவதில் நாற்காலிகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தலைகீழாக அடுக்கியிருந்தன. இரண்டாவதில் கதவில்லாத அலமாரிகளும் அலமாரியில்லாத கதவுகளும். மூன்றாவதில் ஒரு எலக்ட்ரீஷியன் மின்விசிறிகளை ஒவ்வொன்றாக ஓடவிட்டு, வைத்தியர் மாதிரி தலையைச் சாய்த்து அவற்றின் முனகலைக் கேட்டுக்கொண்டிருந்தார். வாசலில் தரையோடு தரையாகப் பதித்த பெரிய தராசு. உள்ளே வருவதும் வெளியே போவதும் அதன்மேல் ஏறியாக வேண்டும். எடையைப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் குறுக்குக் கம்பி உயரும்.

அந்தத் தராசுக்குப் பொறுப்பு எடையக்கா. அவரைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும் ஒப்பந்த வேலை. நாற்பதைத் தாண்டிய வயது. காதிடுக்கில் எப்போதும் ஒரு பேனா.

(முதல் வரைவில் ‘புன்னகை தவழும் முகம்’ என்று எழுதி அடித்துவிட்டேன். அவர் என்னைப் பார்த்துப் புன்னகைக்கவே இல்லை. நான் தெரியாமல் தராசின்மேல் நின்றிருந்தேன். “அறுபத்தெட்டு. எறங்குங்க சார், வண்டி வருது” என்பதுதான் அவர் என்னிடம் சொன்ன முதல் வாக்கியம்.)

வந்த விஷயத்தைச் சொன்னேன்.

“எந்தக் கட்டில் சார்?”

“போன வருஷம் வந்த பதினோரு கட்டில்.”

பேனாவைக் காதிலிருந்து எடுத்தார். மறுபடி அங்கேயே செருகினார்.

“எல்லாம் நல்லபடியா வெளிய போயிடுச்சு.”

“போன வீடுகளைப் பார்க்கலாமா?”

“உடம்பு முடியாதவங்க இருக்கற வீடு. எதுக்குத் தொந்தரவு?”

நான் குறிப்பேட்டில் ‘மென்மையான மனம்’ என்று எழுதிக்கொண்டேன். மனிதர்களை உற்றுக் கவனிப்பவன் என்று என்னைப் பற்றி ஒரு முன்னுரையில் யாரோ எழுதியிருக்கிறார்கள்.

4

முகவரிகளை அண்ணியின் அலுவலகத்தில் வாங்கிக்கொண்டேன்.

முதல் வீடு ஒரு முடிதிருத்துபவருடையது. கட்டில் அவருடைய அப்பாவுக்காக. “நல்ல கட்டில் சார். கைப்பிடில சைக்கிள் ட்யூப் சுத்தியிருக்கும், கைக்கு இதமா இருக்கும். அப்பா எழுந்து நடக்க ஆரம்பிச்சதும் திருப்பிக் குடுத்துட்டோம்.”

இரண்டாவது ஒரு பள்ளி ஆசிரியையின் வீடு. அவருடைய அம்மா அந்தக் கட்டிலில்தான் காலமானார். “கடைசி வாரம் கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டேதான் தூங்குவாங்க. ஏதோ ஒரு ட்யூப் சுத்தியிருந்துச்சு, அதைத் தடவிக்கிட்டே இருப்பாங்க.” அவர் அழவில்லை. கட்டிலில் ட்யூப் என்பது பொதுவான ஏற்பாடு போலிருக்கிறது என்று எழுதிக்கொண்டேன்.

மூன்றாவது, பட்டியலில் எல்லாருக்கும் முதலில் கட்டில் வாங்கிய சைக்கிள் கடைக்காரர்.

“ட்யூபா? நான் சுத்தினதுதான் சார் அது. வெறும் இரும்பு என் சம்சாரத்தோட கையை அறுத்துச்சு.”

‘பதினோரு கட்டில்களும் பதினோரு வீடுகளில்—’

இந்த வாக்கியத்தை அங்கேயே, அவர் கடை வாசலில் நின்றபடி கைவிட்டேன். இனி இதை முடிக்கப்போவதில்லை.*

* அட்டவணையை ஒழுங்காகப் பார்த்திருந்தால் வெயிலில் அலைந்திருக்க வேண்டாம். பதினோரு வரியிலும் அறுபத்திரண்டு கிலோ. ஐந்தாவதில் மட்டும் அறுபத்தொன்றரை. ஏதோ ஒரு வீட்டில் காலடிச் சக்கரம் ஒன்று தொலைந்திருக்கிறது. ஆறாவதில் சக்கரம் வந்துவிட்டது. அட்டவணையை யாரும் படிக்க மாட்டார்கள் என்று அண்ணி சொன்னது சரிதான். (எடை உண்மையில் அறுபத்திரண்டு அல்ல. கைப்பிடியில் இருப்பதும் ட்யூப் அல்ல. தேடிப் போக நினைப்பவர்களின் அலைச்சலைக் குறைக்கவே சொல்கிறேன்.)

5

“ஒரே கட்டில்தானே அக்கா?”

எடையக்கா மழுப்பவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்களுக்கு ஒரு முகம் இருக்கும் என்று நினைத்திருந்தேன். அது அவரிடம் இல்லை. எழுந்து, சுவரில் ஒட்டியிருந்த விதிப் பலகையில் பதினான்காவது வரியின் கீழ் விரலை வைத்தார்.

‘நிலையத்திலிருந்து சென்ற பொருள் மீண்டும் நிலையத்துக்கு வந்தால், அது பயனற்றது எனக் கருதி, அன்றே நசுக்கும் இயந்திரத்துக்கு அனுப்பப்பட வேண்டும்.’

“திரும்பி வந்தா நசுக்கணும் சார். அதனால அது திரும்பி வரல. ஒவ்வொரு தடவையும் புதுசா ஒரு கட்டில் வந்துச்சு.”

“வீட்டுக்கு வீடு அப்படியே கைமாத்தி விட்டிருக்கலாமே? இங்க வராமலே?”

“முந்தி ஒரு தடவை வேற ஒரு கட்டிலை அப்படித்தான் அனுப்பினேன். கழுவாம போயிடுச்சு. அடுத்த வீட்டுல பாவம், அந்தப் பெரியவருக்கு உடம்பெல்லாம் சொறி. இங்க வந்தாத்தான் கொதிக்கற தண்ணி ஊத்திக் கழுவலாம், சக்கரத்துக்கு எண்ணெய் போடலாம், திருகாணி முடுக்கலாம். வர்றதுன்னா தராசு மேல ஏறணும். ஏறினா எழுதணும்.”

“மாட்டிக்கிட்டா?”

“வேலை போகும். கட்டிலும் போகும்.” பதிவேட்டை மூடினார். “இப்ப மாட்டிக்கிட்டேன்ல?”

வாங்கி வைத்திருந்த டீயைக் குடித்தேன். அது ஆறிப்போயிருந்தது. என் கையில் இப்போது எடையக்காவின் வேலை இருந்தது. நான்கு பக்கத்துக்குக் கதையும் இருந்தது. இரண்டில் ஒன்றைத்தான் காப்பாற்ற முடியும் என்று தோன்றியது. ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம், கதையைத்தான் எடுத்துக்கொள்ள நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது, சொல்லிவிடுகிறேன்.

6

மறுநாள் மதியச் சாப்பாட்டு இடைவேளையில் அவரே என்னைக் கட்டிலிடம் கூட்டிப்போனார்.

பதினோராவது வீடு ஒரு பஸ் டிரைவருடையது. முன்னறையில் கட்டில். அதன் கால்மாட்டில் தையல் இயந்திரம்; மனைவி அதில் தலையணை உறைகளுக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தார். அறையில் மூன்றாவது ஆள் நிற்க இடமில்லை. நானும் எடையக்காவும் வாசற்படியில் நின்றோம்.

“முப்பது வருஷம் பஸ் ஓட்டினேன் சார், ஒரு கீறல் கிடையாது,” என்றார் டிரைவர். “நின்னுக்கிட்டிருந்த பஸ்லேர்ந்து எறங்கறப்ப விழுந்து இடுப்பு ஒடைஞ்சுது.”

“அதுக்கும் கண்டக்டரைத்தான் திட்டினாரு,” என்றார் மனைவி, தலையைத் தூக்காமல்.

டிரைவர் கைப்பிடியைச் சுற்றிக் காட்டினார். தலைப்பக்கம் மெல்ல உயர்ந்தது. “கியர் அருமையா விழுது. ரிவர்ஸ்தான் கொஞ்சம் முரண்டு.” இப்போது ஊன்றுகோலோடு சமையலறை வரை நடக்கிறார். அடுத்த வியாழக்கிழமை கட்டிலை அனுப்பிவிடுவதாகச் சொன்னார்.

திரும்பும் வழியில் எடையக்காவின் போன் மூன்று முறை அடித்தது. மூன்றும் ஒரே ஆள். ஒரு பேக்கரியில் ரொட்டி போடுபவர். அவருடைய மனைவிக்கு முதுகுத்தண்டில் அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. தலைப்பக்கம் உயர்த்தும் கட்டில் இருந்தால் வியாழக்கிழமை வீட்டுக்குக் கூட்டிப்போகலாம், இல்லையென்றால் இங்கேயே கிடக்கட்டும் என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். வீட்டில் நான்கு வயதில் ஒரு பெண் குழந்தை. வார்டுக்குள் குழந்தைகளை விடுவதில்லை. அம்மாவைப் பார்த்து ஐந்து வாரம் ஆகிறது.

“வியாழக்கிழமை வந்துடும்ணே. மதியத்துக்குள்ள வேன் கொண்டுவாங்க,” என்று எடையக்கா போனில் சொன்னார். சொல்லிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பரவாயில்லை.

7

முடிவுகள்.

அ) குட்டு வெளிப்படுகிறது. எடையக்கா வேலையை இழக்கிறார், கட்டில் நசுங்குகிறது, நேர்மை வெல்கிறது. எழுதிப் பார்த்தேன். நேர்மை வென்ற அந்தப் பத்தியில் ஒரு மனிதர்கூட நன்றாக இல்லை.

ஆ) விதிகளை அமல்படுத்தும் அதிகாரியின் கணவரே வழுக்கி விழுகிறார். அதிகாரி கட்டில் கேட்டு நிலையத்தின் வாசலில் வந்து நிற்கிறார். கண் திறக்கிறது. (இதை அண்ணன் படித்துவிட்டான். “உன் கதைக்கு என் இடுப்புதான் கெடைச்சுதா?” என்று கேட்டான். அவன் நலமாக இருக்கிறான். வாய் எப்போதும்போல் இருக்கிறது.)

இ) நான் வாயை மூடிக்கொண்டு பதினோரு கட்டில்களைப் பற்றியே உருகி உருகி எழுதுகிறேன். யாருக்கும் நஷ்டமில்லை. என்னிடம் கேட்டதும் இதுதான்.

இரண்டு நாள் இ-யோடு இருந்தேன். மூன்று பக்கம் முடிந்தும்விட்டது. மூன்றாம் நாள் கையேட்டின் கடைசிப் பகுதி அச்சுத் திருத்தத்துக்கு வந்தது. ‘பிற நகரங்கள் அப்படியே எடுத்துக்கொள்ளத்தக்க மாதிரி விதிகள்’ என்ற தலைப்பு. பதினான்காவது இடத்தில் பதினான்காம் விதி, ஒரு சொல் மாறாமல். பன்னிரண்டு நகரங்கள் இதை நகலெடுக்கப் போகின்றன. பன்னிரண்டு நசுக்கும் இயந்திரங்கள். அங்கெல்லாம் பொய் எழுதத் துணிந்த ஒரு எடையக்கா இருப்பார் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

யாருக்கும் நஷ்டமில்லை என்று எழுதினேன் அல்லவா, அந்த வரியைப் படித்தால் எனக்கே எரிச்சலாக இருக்கிறது. இருக்கட்டும், அடிக்கவில்லை.

8

வரைவை அண்ணியிடம் கொடுப்பதற்கு முன் எடையக்காவிடம் காட்டினேன். நின்றபடியே படித்தார். நடுவில் இரண்டு வண்டிகளுக்கு எடை போட்டார்.

“எழுதிக்கோங்க சார். ஆனா என்னைப் பாவப்பட்டவளா எழுதாதீங்க.” தாள்களைத் திருப்பிக் கொடுக்கும்போது, “பன்னெண்டு ஊர்னு தெரியாது எனக்கு,” என்றார்.

அண்ணி சாப்பாட்டு மேசையில் படித்தார். படித்து முடித்து, தாள்களை ஒன்றாகத் தட்டி அடுக்கினார். அதிகாரிகள் யோசிக்கும்போது காகிதத்தை நேராக்குவார்கள்.

“பதினாலாம் விதிய எழுதினது யார்னு தெரியுமா தம்பி?”

“தெரியாது அண்ணி.”

“நான்தான். இதே மேசைல உக்காந்து. மொதல் வருஷம் ஆளுங்க மின்விசிறிய எடுத்துட்டுப் போய், உள்ள இருக்கற செம்புக் கம்பிய உருவிட்டு, வெறும் கூட்டைத் திருப்பிக் கொண்டாந்து போட்டாங்க. முந்நூறு கூடு. அதை நிறுத்தணும்னு எழுதினேன். ஒழுங்கா இருக்கற ஒரு பொருள், வேலைய முடிச்சுட்டுத் திரும்பி வரும்னு எனக்குத் தோணவே இல்ல.” தாள்களை மறுபடி நேராக்கினார். “பொருள் சுத்திச் சுத்தி வரணும்னு ஊருக்கெல்லாம் சொல்றவ நான்.”

அவர் குரல் உடைந்தது. அண்ணி கலங்கி நான் பார்த்ததில்லை. அண்ணன் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான்.

“விதிய மாத்திடுங்களேன் அண்ணி.”

“நான் மட்டும் மாத்த முடியாது. கூட்டத்துல வாக்கெடுக்கணும். தப்பான விதின்னு காட்டணும். காட்டணும்னா கட்டிலைக் காட்டணும். விதி இருக்கறப்ப காட்டினா, அன்னிக்கே அது நசுங்கியாகணும்.”

“அப்ப பூனைக்கு யாரு மணி கட்டறது?” என்றான் அண்ணன்.

அண்ணி தாள்களை என் பக்கம் தள்ளினார்.

“கதைய இப்படியே போடுங்க. ஊர் பேர் வேணாம், ஆள் பேர் வேணாம். கட்டிலைக் கட்டிலாவே விட்டுடுங்க, மத்ததை மாத்திக்கோங்க. வியாழக்கிழமை கையேட்டை ஒப்புக்கற கூட்டம். நம்ம உறுப்பினர்களோட பன்னெண்டு ஊர் ஆளுங்களும் வர்றாங்க, எல்லாருக்கும் வாக்கு உண்டு. படிச்சுட்டுத்தான் வந்தாகணும். நான் எழுந்து, பதினாலாம் விதிய ஆரம்பத்துலேர்ந்தே இல்லாததா ஆக்கிடலாமான்னு கேப்பேன். ஏன்னு கேட்டா, கதையப் படிங்கம்பேன்.”

“கதை சாட்சியாகுமா அண்ணி?”

“ஆகாது. அதனாலதான் உங்ககிட்ட கேக்கறேன்.”

“எடையக்கா எழுதினது?”

“விதி போச்சுன்னா அது ஒரு கவனக்குறைவு. கூப்பிட்டு ரெண்டு வார்த்தை சொல்லிட்டு விட்டுடலாம். விதி இருந்தா அது பொய்ப் பதிவு.” எழுந்து தட்டை எடுத்துக்கொண்டு போனவர், சமையலறை வாசலில் நின்றார். “அட்டவணைல ‘பதினோரு கட்டில்’னு இருக்கறதை, ‘ஒரு கட்டில், பதினோரு வீடு’ன்னு மாத்தணும். என் கையால மாத்தணும்.”

9

இப்போது வியாழக்கிழமை. நீங்கள் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள். சுற்றறிக்கை கிடைத்தும் நேற்றே படிக்காமல், மற்றவர்கள் பேசும்போது மேசைக்கடியில் பிரித்துப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். தப்பில்லை. நானும் அப்படித்தான் செய்திருப்பேன்.

இந்தக் கடைசித் தாள் மட்டும் இன்று அரங்க வாசலில்தான் கையேட்டோடு சேர்ந்தது. காலையில் நிலையத்துக்குப் போனேன். டிரைவர் வீட்டிலிருந்து கட்டில் வந்துவிட்டது. தராசின்மேல் நிற்கிறது. குறுக்குக் கம்பிக்கு அந்தப் பக்கம் பேக்கரிக்காரரின் வேன். ஒரு மெத்தையைச் சுருட்டிக் கொண்டுவந்திருக்கிறார். குழந்தை முன் இருக்கையில் உட்கார்ந்திருக்கிறது. இன்றைக்கு அம்மா வருகிறாள் என்று சொல்லிவிட்டாராம். சொல்லியிருக்க வேண்டாம் என்று எனக்குப் பட்டது.

“என்ன எழுதப் போறீங்க அக்கா?”

“உள்ளதை. அதே கட்டில், பன்னெண்டாவது தடவைன்னு.”

“ஐயோ, வேணாம். இன்னிக்கு மட்டும் பழையபடி—”

“இல்ல சார். அந்தம்மா அவங்க எழுதின விதிய அவங்களே தப்புன்னு சொல்ல எழுந்து நிக்கறாங்க. நான் இங்க உக்காந்து இன்னொரு பொய் எழுதவா? கூட்டத்துல முடிவு வரட்டும்னு பன்னெண்டு மணி வரைக்கும் எழுத மாட்டேன். அதுக்குமேல தராசை அடைச்சு வைக்க முடியாது, வண்டி வந்துக்கிட்டே இருக்கும்.”

என்னிடம் நான்காவது முடிவு ஒன்று இருந்தது. அழகாக இருந்தது. அதில் வேன் புறப்படுகிறது. எழுதி வைத்துக்கொண்டு, கொடுக்காமல் விட்டேன். அதைப் படித்துவிட்டால், எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்துவிடுவீர்கள். எனக்கு நீங்கள் நிம்மதியாக இருப்பது இப்போது பிடிக்கவில்லை.

உங்கள் முன்னால் அண்ணி எழுந்து நிற்கிறார். கையில் தாள்களை நேராக்கிக்கொண்டிருக்கிறார் என்றால் அவர்தான். கேள்வி ஒற்றை வரியில் இருக்கும், கவனமாகக் கேளுங்கள். விதி அப்படியே இருக்கட்டும் என்பவர்கள் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, படித்துக்கொண்டே இருக்கலாம். மற்றவர்கள், தயவுசெய்து, கையேட்டைக் கீழே வையுங்கள். கையைத் தூக்க வேண்டும்.